பழைய படத்தில் கடற்கரையோரம் வந்து நிற்கும் அந்தக் கார் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை, இராமேசுவரம் பகுதிகளிலிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், பனைமரங்கள் பின்னணியில் நிற்க, மணல்மேட்டின் அருகே நீளமான கார் ஒன்று வந்து நிற்கிறது. கதாநாயகி இறங்கிக் கடலை நோக்கி நடக்கிறார். காட்சி அரை நிமிடம்கூட இல்லை. அந்தக் கார் எது, எந்த ஆண்டைச் சேர்ந்தது, அது உண்மையிலேயே நம் கரைக்கு வந்ததா என்பவையே கேள்விகள். அதற்கான விடையையும், இதுபோன்ற பிற கார்களை நீங்களே அடையாளம் காண்பதற்கான வழிகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அந்தக் காட்சியில் வருவது ரோல்ஸ் ராய்ஸ்தானே?

இல்லை. அது பேக்கார்டு என்ற அமெரிக்கக் கார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எந்தக் காரையும் பிளசர் என்றே சொல்வார்கள். அவற்றுள் முகப்பு உயர்ந்து, ஒளிரும் வெள்ளித் தகடு போர்த்தியது எதுவானாலும் ரோல்ஸ் ராய்ஸ் என்று சொல்லும் வழக்கமும் நெடுநாளாக இருக்கிறது. ஆனால் இரண்டின் ரேடியேட்டர் முகப்புக்கும் இடையே தெளிவான வேறுபாடு உண்டு. ரோல்ஸ் ராய்ஸின் முகப்பு, பழைய கிரேக்கக் கோயிலின் முன்புறம் போல, கூரிய விளிம்புகளோடும் தட்டையான பரப்புகளோடும் மேலே தாழ்வான முக்கோணமாக முடியும். பேக்கார்டின் முகப்போ நடுவில் எழும்பி, இரு பக்கமும் வளைந்து இறங்கி, தோள்பட்டையில் மீண்டும் சற்றே நிமிரும். மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தடியை எதிரே நின்று பார்த்தவர்களுக்கு அந்த வளைவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கர்களும் அதை நுகத்தடி என்றே பெயரிட்டு அழைத்தார்கள்.

முகப்பை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை. கார் நிற்கும் தருணத்தில் முன்சக்கரம் கடைசியாக அரைச்சுற்றுச் சுற்றி ஓய்கிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினால், சக்கரத்தின் நடுவில் உள்ள வீல் கேப்பின் மையத்தில் கருமையான அறுகோணம் ஒன்று தெரிகிறது. பேக்கார்டின் வீல் கேப்பில் சிவப்பு அறுகோணம் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு கருமையாக விழும். நுகத்தடி முகப்பும் அறுகோணமும் ஒரே வண்டியில் சேர்ந்து காணப்படும்போது எனக்கு ஐயம் எதுவும் இல்லை.

எந்த ஆண்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

துல்லியமான ஆண்டை நான் சொல்லவில்லை. 1935க்கும் 1937க்கும் இடைப்பட்டது என்று சொல்கிறேன். பேக்கார்டின் ரேடியேட்டர் 1934 வரை நேராக நிமிர்ந்து நின்றது; 1935இலிருந்து சிறிதளவு பின்னோக்கிச் சாய்ந்தது. காட்சியில் கார் பக்கவாட்டில் கடந்து செல்லும்போது, பின்னால் செங்குத்தாக நிற்கும் பனையோடு ஒப்பிட்டால் அந்தச் சாய்வு தெரிகிறது. முன்கண்ணாடி ஒரே தட்டையான துண்டு. நடுவில் மடிந்த இரட்டைக் கண்ணாடிக்கு மாறிய பிந்தைய மாதிரிகளை இதனால் விலக்கிவிடலாம். ஹெட்லைட்டுகள் மட்கார்டுக்குள் புதையாமல் தனித்தனியாக நிற்கின்றன.

விலை உயர்ந்த பெரிய பேக்கார்டா, 1935இல் விலை குறைத்து அறிமுகமான 120 வகையா என்பதைத் தீர்மானிக்க இந்தக் காட்சியில் போதுமான ஆதாரம் இல்லை. ஆதாரம் நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்; ஏனெனில் ஒருவர் ஊகமாகச் சொன்ன ஆண்டை அடுத்தவர் உறுதியாகச் சொல்லத் தொடங்கிவிட்டால், அதைத் திருத்த முடிவதில்லை.

படம் வெளிவந்த ஆண்டு உதவாதா?

மேல் எல்லையாக மட்டுமே உதவும். 1962இல் வந்த படத்தில் 1965ஆம் ஆண்டுக் கார் இருக்க முடியாது, அவ்வளவுதான். அந்தப் படத்தில் முப்பது ஆண்டு பழைய கார் வரலாம். செல்வச் செழிப்பைக் காட்ட வேண்டிய காட்சிகளில் அப்படி நிறையவே வந்திருக்கின்றன. அமெரிக்கக் கார்களில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஓர் ஆண்டின் மாதிரி, அதற்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும்.

ஒரு பழைய காரைப் பார்த்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் பானெட்டின் நுனியில் இருக்கும் பொம்மையைப் பார்க்கிறார்கள். கழற்றி மாட்டக்கூடிய பொருள் அது. வாங்கி ஒட்டிய பொம்மைகளும், திருடு போனபின் வேறொன்றை வைத்த வண்டிகளும் ஏராளம். தகட்டோடு தகடாக வார்க்கப்பட்ட, எளிதில் மாற்ற முடியாத பகுதிகளைப் பாருங்கள்: கண்ணாடியின் வடிவம், கதவுக் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது, மட்கார்டு உடலோடு இணையும் கோடு, பின்பக்கச் சன்னலின் வளைவு.

கால அளவை மதிப்பிட எளிய வழி உண்டு. ஹெட்லைட்டுகள் தனியாக நின்று, ஏறி இறங்கப் பக்கப்படி அகலமாக இருந்து, ஸ்டெப்னி முன் மட்கார்டின் குழியில் அமர்ந்திருந்தால், பெரும்பாலும் அது 1930களின் வண்டி. நடுவில் கம்பி வைத்துப் பிரித்த இரு துண்டு முன்கண்ணாடியும், உடலோடு கரைந்துபோன மட்கார்டும் 1940களின் பிற்பகுதியைக் காட்டும். முன்கண்ணாடியின் ஓரங்கள் பக்கவாட்டில் திரும்பி வளைவது ஜெனரல் மோட்டார்ஸின் உயர்வகைக் கார்களில் 1954 வாக்கில் பரவியது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஹெட்லைட்டுகள் வந்தால் அமெரிக்கக் கார் 1957க்கு முன் இருக்க இடமில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

ரோல்ஸ் ராய்ஸையும் பென்ட்லியையும் எப்படிப் பிரிப்பது?

1931இல் பென்ட்லி நிறுவனத்தை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிக்கொண்டது. அதன் பிறகு இரண்டும் நெருங்கிக்கொண்டே வந்து, 1955இல் வெளியான சில்வர் கிளவுடும் பென்ட்லி எஸ் வகையும் முகப்பைத் தவிர ஏறத்தாழ ஒரே காராக இருந்தன. பென்ட்லியின் முகப்பு விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கும். காரின் பின்பக்கம் மட்டுமே தெரியும் ஒரு காட்சியை வைத்து நான் ஒருமுறை சில்வர் கிளவுடு என்று உறுதியாக எழுதிவிட்டேன். அதே படத்தின் வேறொரு காட்சியில் உருண்ட முகப்பு தெரிந்தபின், எழுதியதைத் திருத்தினேன். பின்பக்கத்தை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முற்படாதீர்கள்.

சில்வர் கிளவுடின் மூன்று தொடர்களுள் மூன்றாவதை, அதாவது 1962க்குப் பிந்தையதை, நான்கு ஹெட்லைட்டுகளால் உடனே அறியலாம். முதல் தொடரில் ஆறு சிலிண்டர் இயந்திரமும், 1959இல் வந்த இரண்டாம் தொடரில் எட்டு சிலிண்டர் இயந்திரமும் இருந்தன. வெளித்தோற்றத்தில் இவ்விரண்டையும் படத்தில் பார்த்துப் பிரிப்பது மிகவும் கடினம்.

ரோல்ஸ் ராய்ஸ் சின்னத்தில் உள்ள இரட்டை ஆர் எழுத்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை 1933 வாக்கில் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறின. அந்த ஆண்டு ஏப்ரலில் நிறுவனர்களுள் ஒருவரான ஹென்றி ராய்ஸ் காலமானதால் துக்கத்துக்காக மாற்றினார்கள் என்ற கதை நம் ஊர்வரை வந்திருக்கிறது. ஆனால் சிவப்பு எல்லா வண்ணங்களோடும் பொருந்தவில்லை என்பதே காரணம், முடிவும் அவர் மறைவுக்கு முன்பே எடுக்கப்பட்டது.

இவ்விரண்டோடும் குழப்பிக்கொள்ளப்படும் மூன்றாவது ஒன்று டெய்ம்லர் என்ற பிரிட்டிஷ் கார். அதன் ரேடியேட்டர் தகட்டின் மேல்விளிம்பில் வாய்க்கால் வெட்டினாற்போல் வரிவரியான பள்ளங்கள் ஓடும். அவை தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஒரே மாதிரி என்று சொல்லப்படும் இரண்டு ரோல்ஸ் ராய்ஸ்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் முகப்பையும் மட்டுமே செய்து கொடுத்தது. உடற்கூட்டை ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு, த்ரப் அண்ட் மேபர்லி போன்ற கூடு கட்டும் பட்டறைகள் வாடிக்கையாளரின் விருப்பப்படி கட்டின. நம் கரையில் தோணிக்குக் கட்டை ஒன்றாக இருந்தாலும் மேற்பலகை கட்டும் ஓடாவியின் கைக்குத் தக்கபடி தோணியின் தோற்றம் மாறுவதைப் போன்றது இது. ஆகவே ஃபாண்டம் இரண்டு என்ற ஒரே வகையில் மூடிய சலூனும், துணிக்கூரை கொண்ட திறந்த வண்டியும், ஓட்டுநர் மட்டும் வெயிலில் அமரும் வண்டியும் உண்டு. கூடு கட்டியவரின் சிறு தகடு பொதுவாகக் கதவுப்படியில் இருக்கும். கதாநாயகி இறங்கும்போது கதவு திறக்கும் காட்சிகளை இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன், ஆனால் எழுத்து படிக்கும் அளவுக்கு அநேகமாகத் தெரிவதில்லை.

1950, 60களின் படங்களில் வரும் அமெரிக்கக் கார்களை எப்படி அறிவது?

இவை எளிதானவை, அவற்றைச் செய்தவர்களே ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடையாளத்தைத் தகட்டில் வைத்திருக்கிறார்கள். முன் மட்கார்டின் பக்கவாட்டில் வரிசையாக வட்ட ஓட்டைகள் இருந்தால் அது பியூக். 1949இல் தொடங்கிய இந்த வழக்கத்தில் ரோடுமாஸ்டர் வகைக்குப் பக்கத்துக்கு நான்கு, சூப்பர் வகைக்கு மூன்று. வால்பகுதியில் துடுப்பு எழும்புவதை 1948இல் கேடிலாக் தொடங்கியது. அந்தத் துடுப்பு மிக உயர்ந்து, துப்பாக்கிக் குண்டுபோல் இரட்டைச் சிவப்பு விளக்குகள் அதில் பதிந்திருந்தால் அது 1959ஆம் ஆண்டின் கேடிலாக்.

தமிழ்நாட்டில் ஆடம்பரத்துக்கே மறுபெயராக இருந்த இம்பாலாவைச் செவர்லே 1958இல் அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டின் இம்பாலாவுக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்று விளக்குகள். அதே ஆண்டில் செவர்லேயின் இன்னொரு வகையான பெல் ஏருக்குப் பக்கத்துக்கு இரண்டுதான். 1959இன் இம்பாலாவில் துடுப்புகள் கடற்காகத்தின் சிறகுபோல் கிடைமட்டமாக விரிந்து, கீழே பூனைக்கண் வடிவ விளக்குகள் இருக்கும். பாம்பன் பக்கம் காற்றுக்கு எதிரே இறக்கையை அசைக்காமல் மிதக்கும் பறவையைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் மறக்காது.

டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ மூன்றுக்கும் ஒரு எச்சரிக்கை. இம்மூன்றையும் பம்பாயில் பிரீமியர் நிறுவனம் பொருத்தி விற்றது. சில மாதிரிகளில் உடல் ஒன்றே, கிரில்லும் அலங்காரக் கம்பிகளும் மட்டும் வேறு. முன்பக்கம் தெரியாவிட்டால் மூன்றுள் ஒன்று என்று எழுதிவிட்டு நிறுத்துவதே நேர்மை.

ஒரே காட்சியில் கார் இரண்டு விதமாகத் தெரிகிறதே?

பல படங்களில் அப்படித்தான். கார் ஓடுவது வெளியே படமாக்கப்பட்டிருக்கும். உள்ளே இருவர் பேசுவது ஸ்டூடியோவில், பின்திரையில் சாலை ஓட, வேறொரு காரிலோ காரின் பாதியிலோ எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே ஸ்டீயரிங்கையும் டேஷ்போர்டையும் வைத்து வெளியே தெரியும் காருக்குப் பெயர் சூட்டக் கூடாது.

ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். தூதரகங்கள் வழியே வந்த அமெரிக்கக் கார்களில் அது உண்மையாகவே இடப்பக்கம் இருக்கலாம். அல்லது படச்சுருள் இடவலமாகப் புரட்டி ஒட்டப்பட்டிருக்கலாம். அதைக் காரைப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட ஆளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிது: சேலையின் முந்தானை வலத்தோளில் கிடந்தாலோ, சட்டைப்பை வலப்பக்கம் இருந்தாலோ, அது புரட்டிய காட்சி.

நம்பர் பிளேட் எதைச் சொல்லும்?

இன்றைய முறை 1989 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தோடு வந்தது. அதில் இராமநாதபுரத்துக்கு டி.என். 65. அதற்கு முந்தைய பிளேட்டுகளில் மூன்று எழுத்துகளும் எண்ணும் இருக்கும். மெட்ராஸ் மாநிலக் காலத்துப் பதிவுகள் எம் என்ற எழுத்தில் தொடங்கும், 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்றான பிறகு டி என்ற எழுத்தில் தொடங்கும் பதிவுகள் வந்தன.

இங்கே நம் மாவட்டத்துக்காரர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம் என்பது இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களையும் சேர்த்தது. எனவே பழைய இராமநாதபுரம் மாவட்டப் பதிவு என்றால் அந்தக் கார் கடற்கரையில் இருந்தது என்று பொருளல்ல. காரைக்குடியின் செட்டிநாட்டு வீட்டிலோ சிவகாசியிலோ இருந்திருக்கலாம், ஆடம்பரக் கார்களைப் பொறுத்தவரை காரைக்குடிக்கே வாய்ப்பு அதிகம். தவிர, பதிவெண் அந்தக் கார் எப்போது பதிவானது என்பதைத்தான் சொல்லும், எப்போது செய்யப்பட்டது என்பதை அல்ல. படப்பிடிப்புக்காகப் பொய்யான எண் மாட்டுவதும் உண்டு.

அந்தக் கார் உண்மையிலேயே இராமேசுவரம் தீவுக்கு வந்ததா?

இதைத்தான் மிகுந்த ஆவலோடு கேட்கிறார்கள். அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988இல். அதற்கு முன் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே 1914இல் திறந்த இரயில் பாலம் மட்டுமே இருந்ததால், எந்தக் காரும் தன் சக்கரத்தில் ஓடித் தீவுக்குள் சென்றிருக்க முடியாது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு கார் மணல்மேட்டில் ஓடி வந்து நின்றால், அது பெரும்பாலும் மண்டபத்துக்கு இப்பாலோ, சென்னைக்கு அருகேயுள்ள ஏதோ ஒரு கடற்கரையிலோ எடுக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும். நாம் பேசும் காட்சியில் பாலமும் இல்லை, கோயில் கோபுரமும் இல்லை. பனையும் மணலும் கிழக்குக் கடற்கரை முழுதும் இருப்பவை. நம் கரை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த அரை நிமிடத்தில் அதற்குச் சான்று இல்லை.

இடத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கும் வேறு சில தடயங்களும் உண்டு. சட்டகத்தில் இரயில் பாலத்தின் பக்கத்தில் சாலைப் பாலத்தில் வண்டிகள் ஓடுவது தெரிந்தால் 1988க்குப் பிந்தையது. தனுஷ்கோடி நிலையம் கூரையோடு நின்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முந்தையது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலையில் கார் ஓடினால், அந்தச் சாலை 2017இல் திறக்கப்பட்டது என்பதை நினைவுகொள்ளுங்கள்.

காரின் நிறத்தையும் இயந்திரத்தின் ஒலியையும் வைத்துச் சொல்ல முடியாதா?

முடியாது. கறுப்பு வெள்ளையில் கருஞ்சிவப்பும் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே விழும். ஒலி பெரும்பாலும் பின்னர் சேர்க்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இத்தகைய கார்கள் படப்பிடிப்புக்கு எங்கிருந்து கிடைத்தன?

1950களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கார் பொருத்தி விற்பதை நிறுத்திக்கொண்டன; இறக்குமதியும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின் புதிய வெளிநாட்டுக் கார் கிடைக்க இருந்த குறுகிய வழிகளுள் ஒன்று, தூதரகத்தார் கொண்டுவந்து பயன்படுத்திய வண்டிகளை அரசு வணிகக் கழகம் விற்றபோது வாங்குவது. மற்றவை ஜமீன் வீடுகளிலும் வணிகர் வீடுகளிலும் முன்பே இருந்த வண்டிகள். இதனால்தான் ஒரே கார் வெவ்வேறு படங்களில் வெவ்வேறு செல்வந்தர்களின் வண்டியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. பம்பரில் ஒரு நெளிவு, கண்ணாடியோரத்தில் ஒரு கீறல் என்று குறித்து வைத்துக்கொண்டால் அதைப் படத்துக்குப் படம் பின்தொடரலாம்.

பதிவெண் கிடைத்தால் இன்றைய உரிமையாளரைத் தேடலாமா?

தேடி அவர் பெயரையோ வீட்டையோ பொதுவில் எழுத வேண்டாம். காரின் வரலாற்றுக்கு அது தேவையில்லை.

இந்தக் கரையில் இத்தகைய கார் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா?

மிகச் சிலவே. உப்புக்காற்று இங்கே ஆண்டு முழுவதும் வீசுகிறது. பழைய உயர்வகைக் கார்களின் கூடு மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அறைந்து இரும்புத் திருகு முடுக்கிக் கட்டப்பட்டது. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், திருகைச் சுற்றி அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கும். உள்ளே மரத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். வெளியே பளபளப்பாக நிற்கும் கதவைத் திறந்தால் கீழ்விளிம்பு கையோடு வந்துவிடும்.

ஐம்பது ஆண்டைக் கடந்து, பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் வண்டியை 2021இல் வந்த விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு அதை ஓட்டக் கூடாது.

கீழக்கரையில் ஒரு பழைய வீட்டின் கொட்டகையில், மீன்வலைகளுக்குப் பின்னால் நிற்கும் ஒரு காரைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. முகப்பு இல்லை, சக்கரமும் இல்லை. பானெட்டைத் தூக்கி, இயந்திரத்துக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் பதித்திருந்த சிறு பலகையை, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒரு மணி நேரம் துடைத்தேன். பச்சைப் பாசிபோல் படிந்திருந்ததன் அடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி இரண்டு இலக்கங்களின் இடத்தில் உலோகமே தின்னப்பட்டிருக்கிறது. அந்தக் குழியைத் தாழ்வான பக்க வெளிச்சத்தில் படமெடுத்து வைத்திருக்கிறேன். சேஸிஸ் சட்டத்திலும் அதே எண் அடித்திருக்க வேண்டும் என்பதால், வலைகளை எடுத்து வைத்து வண்டியைத் தூக்கிப் பார்க்க, மழை விட்டபின் மறுபடியும் செல்கிறேன்.